கடையும் வீடும் ஒரே கைப்பேசியில்

பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றொரு பழம்பெயர் உண்டு. வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்விடத்திலிருந்து சரக்கேற்றிக் கடல் கடந்த நம் முன்னோருக்கு, வீட்டாருக்கு எழுதும் கடிதம் வேறு. வணிகக் கடிதம் வேறு. பின்னாளில் வளைகுடா சென்ற சபுராளிகள் ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலத்திலும், அந்நாடா வீட்டிற்குள்தான் ஒலித்தது. இன்றோ கடையும் வீடும் ஒரே கைப்பேசியில் வந்து குடியேறிவிட்டன. வாட்ஸ்அப்பும் முகநூலும் இன்ஸ்டாகிராமும் தந்த வசதி இது. தொல்லையும் இதிலிருந்தே தொடங்குகிறது.

வசதியை மறுப்பது நன்றி மறந்த செயலாகும். லால்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ சிதம்பரத்திலோ வாழும் ஒரு சகோதரி, வீட்டிலிருந்தபடியே அபாயா தைத்துக் கொடுக்கவும், ஊறுகாயும் அத்தரும் விற்கவும், பெருநாள் பலகாரத்துக்கு முன்பதிவு பெறவும் இன்று வழி இருக்கிறது. கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. மாத வாடகையும் இல்லை.

ஆனால் கடைத்தெருக் கடைக்கு இரவானால் கதவடைப்பு உண்டு. கைப்பேசிக் கடைக்கு அது கிடையாது. நள்ளிரவில் ஒருவர் விலை கேட்பார். உடனே விடை வராவிட்டால் வேறிடம் போய்விடுவார் என்று அஞ்சி இவரும் விழித்திருந்து விடையளிப்பார். துபாயின் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே கணவர் பணி முடித்து, உண்டு, கைப்பேசியைக் கையிலெடுக்கும் வேளையில் இங்கே ஊர் உறங்கியிருக்கும். மனைவி மட்டும் இணைப்பில் இருப்பதாகத் திரை காட்டும். ‘இந்நேரத்தில் யாருடன்?’ என்னும் ஐயம் பிறக்க அது போதும். குற்றம் எவரிடத்திலும் இல்லாத சச்சரவு இது. வணிகத்துக்கெனத் தனி எண் ஒன்றை வைத்து, இரவில் இன்ன மணிக்குமேல் விடை கிடையாது என்பதை வாடிக்கையாளருக்கும் கணவருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 2018ஆம் ஆண்டு வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வணிக நேரத்தைக் குறிப்பிடவும், அந்நேரம் கடந்தபின் தானாகவே விடை செல்லவும் ஏற்பாடு உண்டு.

தனி எண்ணுக்கு மற்றொரு காரணமும் உண்டு. விலைப்பட்டியல் அனுப்புவதற்காகப் பதிந்து வைத்த எண்களுக்கு உரியவர்களுள் நம் எண்ணையும் பதிந்து வைத்திருப்போர் அனைவரும், அமைப்பை மாற்றாதவரை, நம் ‘ஸ்டேட்டஸ்’ படங்களைப் பார்க்கக்கூடியவர்களே. தங்கை மகளின் திருமணப் படத்தை உறவினருக்கென்று வைக்கிறோம். ஒருமுறை ஊறுகாய் வாங்கிய அந்நியரும் அதைப் பார்க்கிறார். வீட்டு முற்றத்தில் அவரை நாம் அமரவைத்திருப்போமா?

இவை வீட்டளவில் அடங்குபவை. வணிகத்தையே வேரறுக்கும் ஆபத்து வேறொன்று உண்டு. அதற்கு இலங்கையின் அம்பாறையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பமொன்று உணவகம் நடத்தி வந்தது. 2018 பிப்ரவரி மாத இறுதியில் ஓர் இரவு, வாடிக்கையாளர் ஒருவர் குழம்பில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டு கூச்சலிட்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரையை முஸ்லிம்கள் உணவில் கலக்கின்றனர் என்னும் வதந்தி அதற்கு முன்பே முகநூலில் உலவிக்கொண்டிருந்தது. மாத்திரை கலந்தாயா என்று சிங்களத்தில் அதட்டிய கூட்டத்தின் முன், அம்மொழி சரிவர அறியாத கடைக்காரர் கேள்வி இன்னதென்று விளங்காமல், தயங்கித் தயங்கி ஆமென்று பொருள்பட ஏதோ சொன்னார். அது படம் பிடிக்கப்பட்டது. சில விநாடிகளே ஓடும் அக்காணொளி முகநூலில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ ஆனது. கடை நொறுங்கியது, கடைக்காரர் தாக்கப்பட்டார், பள்ளிவாசலும் தாக்குதலுக்குள்ளானது.

உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் அத்தகைய மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. அரசு இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அந்தக் கட்டியில் இருந்தது மாவுப்பொருளே என்று தெரிந்தது. ஆனால் அவ்வறிக்கை வரும் முன்பே, மார்ச் மாதத் தொடக்கத்தில், வேறொரு நிகழ்வைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அவ்வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்தான். மாவு மாவுதான் என்ற செய்தி, காணொளியைப் பார்த்த எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும்?

அது அயல்நாடு, நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. அதே 2020 மே மாதம், சென்னை தியாகராய நகரில் ஓர் அடுமனை உரிமையாளர், தம் கடையில் முஸ்லிம் பணியாளர் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் பரப்பியதற்காகக் கைது செய்யப்பட்டார். கொரோனா கால வதந்தியால் வணிகம் குன்றும் என அஞ்சியே அவ்வாறு செய்தார் எனச் செய்திகள் கூறின. வதந்திக்கு அஞ்சி ஒரு சமுதாயத்தின் மீது பழி ஏற்றியவர், கடைசியில் கைதாகி நின்றார்.

ஆகவே, உணவுப் பொருள் விற்போர் வீட்டளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று, அந்த எண்ணைப் பொட்டலத்தின் மீது அச்சிட்டு விடுவது நல்லது. குறை சொல்லி ஒருவர் படம் பிடிக்கத் தொடங்கினால், அவ்விடத்தில் வாதாட வேண்டாம். பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, விடையை எழுத்தில் தருவதாகச் சொல்லலாம். விளங்காத கேள்விக்கு ‘ஆம்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

சபுராளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு தனிச் சொல். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டம் கடுமையானது. வதந்தி பரப்புவதும், பிறரை இழித்துரைப்பதும், ஒருவரை அவர் அனுமதியின்றிப் படம் எடுத்துப் பரப்புவதும் அங்கே தண்டனைக்குரியவை. அனுமதி பெறாமல் இணையவழி நன்கொடை திரட்டுவதும் அவ்வாறே. ஊரில் ஏழைப்பெண் திருமணத்துக்கென்று நாம் நல்லெண்ணத்தோடு அனுப்பும் வேண்டுகோளை மகன் அங்கிருந்து பத்துப் பேருக்கு அனுப்பினால், வழக்கு அவன் மீதே வரக்கூடும். குடும்பக் குழுவில் ஒரு செய்தியை இடுமுன், அதைப் படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் எண்ண வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. இத்தளங்கள் நமக்குச் சொந்தமான இடமல்ல. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதையே முகவரியாகக் கொண்டிருந்தோர் அனைத்தையும் இழந்தனர். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப்பும் முகநூலும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒருசேர முடங்கின. வாடிக்கையாளர் பெயர், எண், முன்பணம், நிலுவை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது பழைய முறைதான். ஆனால் மின்சாரம் போனாலும் அது திறக்கும்.

மொத்தமாகப் பொருள் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி இரகசிய எண்ணை இடச் சொல்பவர் ஏமாற்றுக்காரரே. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணைக் கேட்டுப் பெறுபவர், நம் வாட்ஸ்அப்பையே கைப்பற்றி நம் பெயரால் உறவினரிடம் கடன் கேட்பார். பணம் போய்விட்டதென்று தெரிந்தால், யார் என்ன சொல்வார்களோ என்று நாணி ஒருநாளும் தாமதிக்காமல், 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மோசடிக்காரரின் கணக்கிலிருந்து அத்தொகை எடுக்கப்படும் முன் முடக்கி வைக்க வாய்ப்புண்டு.