உண்ணிக்கு முன்னே வந்த வரைபடம்

மொன்றியலின் லாசால் பகுதியிலுள்ள ரப்பீட் பூங்காவுக்கு வசந்தத்தில் போனால் பறவை பார்ப்பவர்களை நிறையக் காணலாம். ஆறு பாறைகளில் மோதிச் சீறும் கரை அது. தெற்கிலிருந்து திரும்பும் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம். அவற்றில் சிலவற்றின் கண்ணோரத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவேயான உண்ணிக்குஞ்சு ஒட்டிக்கொண்டு வருவதைத் தொலைநோக்கி காட்டாது. லைம் நோய்க் கிருமியைக் காவும் கருங்கால் உண்ணி அது.

1990களின் தொடக்கம் வரை கனடாவில் இந்த உண்ணி நிலையாகக் குடிகொண்டிருந்ததாக அறியப்பட்டது ஓரிடத்தில்தான்: ஒன்ராறியோவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள லோங் பொயின்ற். லைம் நோய் பற்றிய நாடளாவிய கணக்கெடுப்பு 2009இல் தொடங்கியபோது பதிவானவர்கள் 144 பேர். 2021இல் அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டிவிட்டது. இந்தப் பரவலை முன்கூட்டியே கணக்குப்போட்டுச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம்.

பருவநிலை மாறும்போது எந்த உயிரினம் எங்கே நகரும் என்று கணிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஓர் உயிரினம் காணப்பட்ட இடங்களைத் திரட்டி, அந்த இடங்களின் வெப்பம், மழை, பனி ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பது. அது எத்தகைய பருவநிலையை விரும்புகிறது என்பதைக் கணினி பிடித்துக்கொள்ளும். பிறகு 2080இன் பருவநிலையைக் கொடுத்தால், அதற்கு ஏற்ற இடங்களை வரைந்து காட்டும். றிமூஸ்கிப் பல்கலைக்கழகத்தின் தொமினிக் பெர்த்தோ குழுவினர் 529 இனங்களுக்கு இப்படிக் கணித்து, கியூபெக்கின் காப்புநிலங்கள் வடக்கே ஒதுங்கும் உயிர்களுக்குப் புகலிடமாகும் என்று 2018இல் எழுதினார்கள். இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு. மனிதர் நடமாடும் இடத்தில்தான் பதிவுகள் குவியும். யாரும் போகாத காட்டில் பதிவு இல்லை என்பதற்காக அங்கே உயிரினமும் இல்லை என்று ஆகிவிடாது.

ஆய்வாளர் நிக்கலஸ் ஓக்டனும் கூட்டாளிகளும் 2005, 2006இல் உண்ணிக்குக் கையாண்டது இரண்டாவது வழி. உண்ணியின் வாழ்க்கையையே கணக்காக்கினார்கள். முட்டை, ஆறுகாற் குஞ்சு, எட்டுக்காற் குஞ்சு, வளர்ந்த உண்ணி. பொரித்த பின் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை இரத்தம் குடிக்கும். அடுத்த பருவத்துக்கு மாற அதற்குப் போதிய வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால் வாழ்க்கைச் சுற்று மூன்று, நான்கு ஆண்டுகள் என்று இழுபடும்; முட்டையிடும் வரை தப்புபவை மிகச் சிலவே. கியூபெக் குளிர் உண்ணியைக் கொன்றுவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சருகுக்கும் பனிக்கும் அடியில் அது பத்திரமாகவே கிடக்கிறது. அதை இதுவரை தடுத்துவைத்தது குளிர்காலத்தைவிடப் போதிய சூடில்லாத கோடைதான். 2006 கணிப்பின்படி, உண்ணி வாழக்கூடிய எல்லை 2020களுக்குள் சுமார் 200 கிலோமீற்றரும், வெப்பம் கடுமையாக உயர்ந்தால் 2080களுக்குள் 1,000 கிலோமீற்றரும் வடக்கே நகரலாம்.

ஆனால் விசா கிடைத்தவரெல்லாம் வந்து இறங்கிவிடுவதில்லை. வாழக்கூடிய எல்லை என்பது அனுமதி மட்டுமே. வந்துசேர வாகனம் வேண்டும். வசந்தகாலப் பறவைகள் ஆண்டுதோறும் கனடாவுக்குள் 5 கோடி முதல் 17.5 கோடி உண்ணிகளைக் கொண்டுவந்து போடலாம் என்று ஓக்டன் குழு 2008இல் மதிப்பிட்டது. ஆனால் ஒற்றை உண்ணி விழுந்தால் குடி பெருகாது. துணை வேண்டும், வளர்ந்த உண்ணி குடிக்க மான் வேண்டும். கிருமியோ முட்டை வழியாகத் தொடராது. வெண்பாத எலி போன்ற சிறு பிராணிகளைக் கடித்துத்தான் குஞ்சு அதைப் பெறுகிறது. எனவே எலிக்கும் ஒரு வரைபடம் தேவைப்பட்டது. மக்கில் பல்கலைக்கழகத்தின் விர்ஜினி மிலியன் குழு 2013இல் அதை வரைந்தது: குளிர்காலம் சுருங்கி மென்மையாவதால், இந்த எலி 2050க்குள் ஏறத்தாழ 3 பாகை அகலாங்கு வடக்கே பரவலாம். அதே ஆண்டு வந்த அவர்களின் மரபணு ஆய்வில், ஆறுகளும் நெடுஞ்சாலைகளும் எலியை மறிப்பது தெரிந்தது.

லாசாலில் நின்றால் இது கண்முன்னே புரியும். அக்கரையில் கானவாகே, நடுவே சென் லோறன்ஸ் ஆறு. பறவைக்கு இது சில நிமிடப் பறப்பு. எலிக்குப் பெரிய அரண். பல கிலோமீற்றர் அகலக் கட்டங்களாக நிலத்தைப் பிரிக்கும் வரைபடமோ இரு கரைக்கும் ஒரே நிறத்தைத்தான் பூசும். இன்ன உயிரினம் இன்ன ஆண்டில் வந்துவிடும் என்று பத்திரிகைகள் (நாங்களும்தான்) தலைப்புப் போடும்போது விட்டுவிடும் சங்கதி இது.

ஆனாலும் உண்ணிக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. 1990 முதல் 2008 வரை மருத்துவர்களும் மிருக வைத்தியர்களும் அனுப்பிய உண்ணிகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு, பரவலைத் தூண்டுவதில் வெப்பநிலையே முக்கியம் என்று உறுதிப்படுத்தியது. கிழக்குக் கனடா மக்களில் உண்ணி குடிகொண்ட பகுதிகளில் வாழ்வோர் 2010இல் 18 வீதம். 2020இல் அது 80 வீதத்தைத் தாண்டும் என்றும் கணித்தது.

கணித்த இடத்துக்கு உண்ணி வந்துவிட்டதா என்று களத்தில் சரிபார்ப்பது எளிய வேலை. ஒரு சதுர மீற்றர் வெள்ளை ஃபிளனல் துணியைச் சருகின் மேல் மெல்ல இழுத்துப் போவார்கள். சில மீற்றருக்கு ஒருமுறை புரட்டி, ஒட்டியிருக்கும் கரும்புள்ளிகளைச் சாமணத்தால் எடுத்துக் குப்பியில் போடுவார்கள். பொதுமக்களும் சேரலாம்: பிடுங்கிய உண்ணியைப் படம் எடுத்து, பிஷப்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஈடிக் தளத்துக்கு அனுப்பினால் அது எந்த இனம் என்று சொல்வார்கள். பிடுங்கும்போது வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டி வாயருகே பிடித்து நேராக இழுக்கவேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருக்கலாம் என்று பட்டால் மருந்தாளரைத் தாமதிக்காமல் கேளுங்கள்.