கிரீன் டீ குடிச்சா வெயிட் குறையுமா?

ஹாஸ்டல் ரூமில் பாடப் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, ஜன்னல் ஓரத்தில் ஒரு கிரீன் டீ டப்பா இருக்கிறது. 'காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு... ஒரே மாசத்துல ஸ்லிம் ஆயிடலாம்டி!' என்று பக்கத்து ரூம் தோழி சொன்னதும், டிபனை கட் பண்ணிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிற பொண்ணுங்க எத்தனை பேர்! பசங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. ஜிம் பையில் கிரீன் டீ மாத்திரையே வைத்திருக்கிறார்கள். இந்தக் கசப்புக்கெல்லாம் பலன் உண்டா? ஆராய்ச்சிகள் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம் வாங்க.

ஒரே செடி, ரெண்டு டீ!

நம்ம கடை டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைக் கசக்கி, காற்று படும்படி விட்டால் கறுத்து சாதா டீத்தூள் ஆகிறது. பறித்ததும் ஆவியிலோ சூடான வாணலியிலோ காட்டிவிட்டால் பச்சை நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். அதுதான் கிரீன் டீ. இதில் 'கேட்டசின்' என்ற பொருட்கள் அழியாமல் நிறையத் தங்கிவிடுகின்றன. அந்தக் குடும்பத்தின் ஹீரோ பெயர் இ.ஜி.சி.ஜி. கிரீன் டீ பற்றிய பெரும்பாலான ஆராய்ச்சிகள் இந்த ஹீரோவைச் சுற்றித்தான் நடக்கின்றன.

ஜப்பான் சொன்ன சேதி

ஜப்பானின் ஒசாகி பகுதியில் 1994-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 40 முதல் 79 வயது வரை உள்ள 40,530 பேரை 11 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. தினமும் ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், 5 கப்போ அதற்கு மேலோ குடித்த பெண்களில் இதயநோய், பக்கவாதம் போன்றவற்றால் இறப்பது 31 சதவிகிதம் குறைவு. ஆண்களில் 22 சதவிகிதம் குறைவு. புற்றுநோய் மரணங்களில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

சூப்பர்தான். ஆனா, இங்கேதான் ஒரு சிக்கல். முதல் பெஞ்சுக்காரங்க நிறைய மார்க் வாங்குறாங்க. அதுக்காக கடைசி பெஞ்ச் மாப்ளையைத் தூக்கி முன்னாடி உட்கார வெச்சா அரியர் கிளியர் ஆயிடுமா? அதே கதைதான். நிறைய டீ குடிக்கிறவர்களின் சாப்பாடு, நடை, பழக்கவழக்கம் எல்லாமே வேறாக இருக்கலாம். புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த முடிவைச் சொன்னார்கள். இருந்தாலும் 'டீயால்தான்' என்று அடித்துச் சொல்ல, ஒரு குரூப்புக்குக் கொடுத்து, இன்னொரு குரூப்புக்குக் கொடுக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வெறும் 40 கிராம்!

எடை விஷயத்தில் அந்தச் சோதனைகளை நிறையவே செய்துவிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2012-ல் அவற்றைத் தொகுத்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்த 6 ஆய்வுகளில், கிரீன் டீ சத்து எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைத்தது சராசரியாக 40 கிராம். ஒரு முட்டை எடைகூட இல்லை பாஸ்! ஜப்பானில் நடந்த 8 ஆய்வுகளில் 200 கிராம் முதல் மூன்றரை கிலோ வரை கன்னாபின்னாவென்று வித்தியாசம். மொத்தத்தில், சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை என்பதே தீர்ப்பு. இத்தனைக்கும் இவற்றில் கொடுத்தது சாதா டீயைவிட வீரியமான சத்து.

புற்றுநோய்? 2020-ல் 142 ஆய்வுகளை, 11 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைப் புரட்டியும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் லேசாகக் குறைவது மட்டும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

மாத்திரையா? உஷார்!

கப்பில் குடிக்கும் டீ பொதுவாகப் பாதுகாப்பானதுதான். வில்லங்கம் மாத்திரையில் இருக்கிறது. எடை குறைக்க விற்ற ஒரு கிரீன் டீ சத்து மருந்தை, கல்லீரல் பாதிப்பு காரணமாக 2003-ல் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறி ரத்தத்தில் தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. வெறும் வயிற்றில் போட்டால் அது ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். டிபனை கட் பண்ணிவிட்டு மாத்திரை போடுகிறவர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிங்க!

குடிக்கிறவங்க கவனத்துக்கு...

* சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீங்க. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. ரத்தசோகை உள்ள பொண்ணுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

* கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு. ராத்திரி குடித்தால் தூக்கம் கெடலாம்.

* மாத்திரை போடுகிறவர்களுக்கு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்க.

டேஸ்ட் பிடிச்சிருக்கா, தாராளமா குடிங்க. கெடுதல் இல்லை. பிடிக்கலையா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனா, 40 கிராமுக்காக நாலு இட்லியைத் தியாகம் பண்ணாதீங்க ப்ளீஸ்!