பெயர் சுட்டாத காதல்

ஒரு பாடலுக்கு உரியவர் யார்? சொல்லைப் புனைந்தவரா, மெட்டமைத்தவரா, முதலில் மேடையேற்றியவரா, அல்லது இன்று நம் செவியில் ஒலிக்கும் குரலுக்குரியவரா? ஏட்டில் உள்ள கவிதைக்கு ஆசிரியர் ஒருவர் என்று சொல்லி நாம் அமைந்துவிடலாம். பாடப்படும் கவிதைக்கு அவ்வாறு எளிதில் விடை கூற முடியாது. றொக் இசைப் பாடகர் ஒருவர் தம் முதுமையின் வாயிலில் நின்று பழைய அமெரிக்கக் காதற் பாடல்களைப் பாடத் தொடங்கிய கதை இவ்வினாவுக்கு நல்ல விளக்கமாக அமைகிறது. அதுவே இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட விடயம்.

அப்பாடகர் றொட் ஸ்ரூவேட். 1945இல் இலண்டனிற் பிறந்தவர். கரகரத்த குரல் அவரது அடையாளம். 1971இல் வெளிவந்த 'மாகி மே' என்ற பாடல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தைப் பிடித்து அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. தன்னிலும் மூத்த பெண்ணொருத்தியிடம் அகப்பட்டுத் தவிக்கும் இளைஞனின் முறையீடு அது. தம் இளமைக்கால அனுபவமே அதற்கு வித்து என்று அவரே கூறியிருக்கிறார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் பின் றொக் இசையில் எழுதப்படாத சட்டம் ஒன்று நிலைபெற்றது. பாடுபவனே பாட்டையும் எழுத வேண்டும். பாட்டு அவனது நாட்குறிப்பின் ஒரு பக்கமாக இருக்க வேண்டும் என்பதே அச்சட்டம். பொப் டிலனும் பீற்றில்ஸ் குழுவினரும் இவ்வழியை வகுத்தவர்கள். பிறர் எழுதியதைப் பாடுவது இரண்டாந்தரம் என்ற எண்ணம் மெல்லப் பரவியது. 'மாகி மே' இந்தச் சட்டத்துக்கு அமைந்த பாடல். அதில் வரும் பெண்ணுக்குப் பெயர் உண்டு. பாடுபவனுக்கு முகம் உண்டு.

2000ஆம் ஆண்டில் ஸ்ரூவேட்டுக்குத் தைரொயிட் சுரப்பியிற் புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சை உயிரைக் காத்தது. குரலுக்கோ ஆபத்து நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடி வாழ்ந்த ஒருவர், பாடுவதை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து பயில வேண்டியதாயிற்று. 2002இல், தமது ஐம்பத்தேழாவது வயதில், அவர் ஒரு தொகுதியை வெளியிட்டார். அதில் இருந்தவை அவர் எழுதியவை அல்ல. பெரும்பாலானவை அவர் பிறப்பதற்கு முன்னரே எழுதப்பட்ட காதற் பாடல்கள். 'மாபெரும் அமெரிக்கப் பாடற் புத்தகம்' என்பது அத்தொகுதி வரிசையின் பெயர். 2010 வரை ஐந்து தொகுதிகள் வந்தன.

அப்படி ஒரு புத்தகம் உண்மையில் இல்லை. ஏறத்தாழ 1920 முதல் 1950 வரையிலான காலத்தில் நியூயோர்க்கின் புரோட்வே இசை நாடகங்களுக்கும் ஹொலிவூட் திரைப்படங்களுக்கும் எழுதப்பட்டு, அந்நாடகங்களும் படங்களும் மறக்கப்பட்ட பின்னரும் பாடகர் வாயில் வாழ்ந்த பாடல்களுக்கு வழங்கிய பொதுப்பெயர் அது. ஏர்விங் பேர்லின், ஜெரோம் கேர்ண், கேர்ஷ்வின் சகோதரர்கள், கோல் போட்டர், ஹோகி கார்மைக்கல் ஆகியோர் அதன் முதன்மையாளர். ரஷ்யப் பேரரசிற் பிறந்து சிறுவனாக நியூயோர்க் வந்து சேர்ந்த பேர்லினுக்கு இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாது. பியானோவின் கறுப்புக் கட்டைகளிலேயே பெரும்பாலும் வாசித்துப் பாடல்களை ஆக்கினார் அவர். கோல் போட்டர் போன்ற சிலர் சொல்லையும் இசையையும் தாமே அமைத்தனர். ஏனையோரிடத்தில் ஒருவர் மெட்டமைக்க, மற்றவர் சொல் புனைவார், பாடுபவர் மூன்றாமவர்.

வடிவமும் கட்டுக்கோப்பானது. மிகப் பல பாடல்கள் முப்பத்திரண்டு தாள அளவுகளுக்குள் அடங்குவன. எட்டெட்டாக நான்கு பகுதிகள். முதலாம், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஏறத்தாழ ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் விலகிச் சென்று மீளும். வெண்பாவின் நான்கடிக்குள் ஒரு வாழ்வைச் சொல்லிவிடும் புலவனுக்கு இந்த இடுக்கம் புதிதன்று. 1925 அளவில் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கி முன் நிற்பவன் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க உரத்துப் பாட வேண்டிய தேவை நீங்கியது. பிங் குறொஸ்பி போன்றோர் ஒருவர் காதில் மட்டும் சொல்வது போலப் பாடினர். காதற் பாடல் மேடைப் பேச்சாக இருந்த நிலை மாறி அந்தரங்க உரையாடலானது.

இவற்றினும் முக்கியமான பண்பு ஒன்று உண்டு. இப்பாடல்களில் 'நான்' உண்டு, 'நீ' உண்டு. பெரும்பாலும் பெயர்கள் இல்லை. நமது அகத்திணை மரபு காதலர் இருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என விதித்தது. பெயர் வந்தால் அது ஒருவர் கதையாகிவிடும். பெயர் நீங்கினால் எவர் நெஞ்சும் அதனுள் புகலாம். இரு மரபுகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அகப்பாடலின் நயம் அறிந்தவர்க்கு இப்பாடல்களின் இரகசியம் விளங்கச் சிரமமிராது. வெற்றிடமாக விடப்பட்ட அந்த 'நான்' என்ற இடத்தில் ஒவ்வொரு பாடகரும் வந்து குடியேறுகிறார்.

'ஸ்ராடஸ்ற்' என்ற பாடலின் வரலாறு இதற்குச் சான்று. கார்மைக்கல் அதனை 1927இற் சொற்களில்லாத வாத்திய இசையாகவே, சற்று விரைந்த நடையில் பதிவுசெய்தார். 1929இல் மிச்சல் பரிஷ் அதற்குச் சொற்கள் எழுதினார். 1930இல் இஷம் ஜோன்ஸ் குழுவினர் மெதுவான நடையில் வாசித்தபோதே அது ஏக்கம் நிறைந்த காதல் இசையாக மாறியது. 1931இல் லூயி ஆம்ஸ்ரோங் மெட்டையும் சொல்லையும் தம் விருப்பப்படி உடைத்துப் பாடினார். 1978இல் நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்றி' இசைப் பாடகர் வில்லி நெல்சன், 2004இல் ஸ்ரூவேட். பாடல் ஒன்றே, காதலர் பலர்.

ஸ்ரூவேட்டின் முதற் தொகுதியில் கேர்ஷ்வின் சகோதரர்களின் பாடல் ஒன்று இருக்கிறது. 1937இல் ஒரு திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. பிரிந்து செல்பவளின் சிறுசிறு பழக்கங்களை எண்ணிப் பார்த்து, இவற்றின் நினைவை என்னிடமிருந்து யாரும் பறித்துவிட முடியாது என்று ஆறுதல் கொள்ளும் பாடல். மெட்டமைத்த ஜோர்ஜ் கேர்ஷ்வின் அதே ஆண்டில், முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். குரலையே பறிகொடுக்க இருந்த ஒருவர் அதைப் பாடும்போது, பறிக்க முடியாதது என்ற கருத்துக்கு எழுதியவர் எண்ணியிராத பொருள் ஒன்று வந்து சேர்கிறது. தொகுதிக்குப் பெயர் தந்த பாடலும் அத்தகையதே. காதலியின் குறைகளை அறிந்தே ஏற்றுக்கொள்ளும் அப்பாடல் 1924இல் எழுதப்பட்டது. இளைஞன் பாடினால் அது செல்லச் சீண்டல். ஐம்பது கடந்தவர் பாடினால் அது பட்டறிந்த முடிவு.

எல்லோரும் இதனை மெச்சினர் என்று சொல்வதற்கில்லை. விமரிசகர் பலர் முகம் சுளித்தனர். பின்னணி இசை மிகவும் மெத்தென்று இருக்கிறது, துணிவான முயற்சி எதுவுமில்லை, விற்பனைக்காகச் செய்த வேலை என்றனர். இக்குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. 1983இல் றொக் பாடகி லிண்டா ரொன்ஸ்ரட் இதே பாடல்களைப் பாட முனைந்தபோது, சினாற்றாவுக்கு இசை ஒழுங்கு செய்த நெல்சன் ரிடிலையே தேடிச் சென்று முழு வாத்தியக் குழுவுடன் பாடினார். 2015இற் பொப் டிலன் சினாற்றா பாடிய பாடல்களைச் சிறு குழுவொன்றுடன், பூச்சு எதுவுமின்றிப் பதிவுசெய்தார். இவர்களோடு ஒப்பிடுமிடத்து ஸ்ரூவேட்டின் தொகுதிகள் சில இடங்களில் விருந்து மண்டப இசையாகவே நின்றுவிடுகின்றன. தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, புதுமை தேய்ந்ததும் உண்மை.

ஆயினும் கேட்டவர்கள் வேறு தீர்ப்பு அளித்தனர். 2004இல் வெளிவந்த மூன்றாவது தொகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1979க்குப் பின் அவருக்கு அங்கு கிட்டிய முதல் முதலிடம் அதுவே. நாற்பதாண்டுப் பயணத்தில் அவர் பெற்ற முதல் கிராமி விருதையும் அத்தொகுதியே தந்தது. தம் சொந்தப் பாடல்களாற் பெறாததைப் பிறர் பாடல்களாற் பெற்றார்.

டிலனின் எடுத்துக்காட்டு இன்னும் பொருள் செறிந்தது. பாடுபவனே எழுத வேண்டும் என்ற சட்டத்தை வகுத்தவர்களில் முதல்வர் அவர். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் பெற்றவர். அவரே 2015 முதல் 2017 வரை மூன்று வெளியீடுகளிற் பிறர் பாடல்களையே பாடினார். சொந்தச் சொல் இல்லாதவர் செய்த காரியம் அன்று அது.

தன் அனுபவத்தைத் தன் சொல்லாற் சொல்வது ஒரு கலை. முன்னோர் சொல்லுக்குள் தன் அனுபவத்தை வைத்துச் சொல்வது மற்றொரு கலை. முன்னதற்கு இளமையின் துணிவு வேண்டும். பின்னதற்கு வாழ்ந்த காலத்தின் பாரம் வேண்டும். நல்ல பாடலை ஆக்கியவர் அதற்கு முதல் உரிமையாளர். ஆனால் அவரே இறுதி உரிமையாளர் அல்லர். வாங்கியவர் பாடும் வரை தம்முடையதாக வைத்திருந்து, பிறகு அடுத்தவருக்கு விட்டுச் செல்ல வேண்டிய பொதுச்சொத்து அது. குரல் தளர்ந்து மீண்ட ஒருவர் அச்சொத்தைச் சில காலம் பேணினார். அதில் எங்கே ஒளி கூடியது, எங்கே மங்கியது என்பதை நேயர்கள் கேட்டுத் தாமே தீர்மானிப்பது நன்று.