கூடாரச் சவுனா

கூடாரச் சவுனா என்பது காட்டிலோ ஆற்றங்கரையிலோ முகாமிட்டுத் தங்குவோர், அங்கு கிடைக்கும் கற்கள், கழிகள், விறகு ஆகியவற்றையும் தாம் எடுத்துச் சென்ற பாலித்தீன் தாள் அல்லது தார்ப்பாயையும் கொண்டு தற்காலிகமாக அமைத்துக்கொள்ளும் வெப்பக் குளியல் அறை ஆகும். சவுனா என்பது பின்னிய மொழிச் சொல். பின்லாந்தில் இது தெல்த்தாசவுனா என்றும், உருசியாவில் நடைப்பயணக் குளியல் எனப் பொருள்படும் பொகோத்னயா பான்யா என்றும் அழைக்கப்படுகிறது. சளி பிடித்தால் போர்வைக்குள் வேது பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வேது பிடிக்கையில் போர்வைக்குள் கொதிநீர்ப் பானை வைக்கப்படும். இங்கே நெருப்பில் காய்ந்த கற்கள் வைக்கப்படுகின்றன. நெருப்பை வெளியே விட்டுவிட்டு அதன் வெப்பத்தை மட்டும் உள்ளே கொண்டுவருவதே இம்முறையின் சாரம். பெரும்பாலான விபத்துகள் இந்த விதி மீறப்படும்போதும், உள்ளே அளவு மீறி அமரும்போதும் ஏற்படுகின்றன.

வரலாறு

இத்தகைய குளியல் மிகப் பழமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாளர் ஏரோடோட்டசு, கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சிதியர் இறந்தவரை அடக்கம் செய்த பின்னர் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்ட முறையை எழுதியுள்ளார். அவர்கள் மூன்று கழிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, கம்பளியால் மூடி, நடுவில் வைத்த கலத்தில் பழுக்கக் காய்ந்த கற்களை இட்டு, அவற்றின் மீது சணல் வகைச் செடியான கஞ்சாவின் விதைகளைத் தூவினர் என்கிறார். இது கட்டுக்கதை என்று தள்ளத்தக்கதன்று. 1940களின் இறுதியில் அல்த்தாய் மலைப்பகுதியின் பாசிரிக் புதைமேடுகளைத் தொல்லியலாளர் செர்கெய் உருதேன்கோ அகழ்ந்தபோது, கழிகளும், கற்கள் நிறைந்த உலோகக் கலங்களும், கருகிய கஞ்சா விதைகளும் கிடைத்தன.

பின்லாந்தின் பழைய புகைச் சவுனாவும் இதே வழியில் இயங்குவது. புகைபோக்கி இல்லாத அந்த மரக்குடிலில் பல மணி நேரம் விறகு எரிக்கப்படும். தீ முற்றிலும் அணைந்து புகை வெளியேறிய பின்னரே மக்கள் உள்ளே செல்வர். 1941 முதல் 1944 வரை நடந்த போரின்போது பின்லாந்துப் படைவீரர்கள் போர்முனையிலும் சவுனாக்களை அமைத்துக் குளித்தனர். பின்லாந்தின் சவுனாப் பண்பாடு 2020இல் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வட அமெரிக்காவில் இலக்கோத்தா மக்களின் இனிப்பி என்னும் வியர்வைக் குடிலும் தோற்றத்தில் இதை ஒத்ததே. எனினும் அது ஒரு சமயச் சடங்கு. முகாமிடுவோரின் பொழுதுபோக்கோடு அதைச் சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

கற்களின் பணி

ஒரு கிலோகிராம் கல்லின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 0.8 கிலோயூல் ஆற்றல் தேவை. ஆகவே 100 கிலோகிராம் கற்கள் 500 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குக் குளிரும்போது சுமார் 32,000 கிலோயூல் வெளிப்படும். சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்கச் சுமார் 2,600 கிலோயூல் போதும். எனவே கணக்கின்படி அக்கற்களால் 12 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முடியும். நடைமுறையில் மெல்லிய பாலித்தீன் சுவர் வழியே வெப்பம் இடைவிடாது கசிவதால் இதில் ஒரு பகுதியே பயன்படும். சிறிய கூடாரத்திலுள்ள காற்றைச் சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல் இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கற்கள் மீது தண்ணீர் தெளித்தவுடன் எழும் ஆவியைப் பின்னியர் லோய்லு என்பர். அப்போது உடலில் சட்டென்று படரும் வெப்பத்துக்குக் காரணம் காற்றின் வெப்பநிலை மட்டுமன்று. கூடாரத்தினுள் மிகவும் குளிர்ச்சியான பரப்புகளுள் மனிதத் தோலும் ஒன்று. நீராவி அதன் மீது படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைத் தோலுக்குக் கொடுத்துவிடுகிறது. வியர்வை என்று நாம் வழித்தெடுப்பதில் ஒரு பகுதி உண்மையில் இந்த நீரே. மரத்தால் கட்டிய சவுனாவில் 80 முதல் 100 பாகை வரை தாங்குபவர்கள், ஈரம் நிறைந்த கூடாரத்தில் 60 பாகையிலேயே திணறுவது இதனால்தான்.

கற்களைத் தெரிதல்

தீப்பாறை வகைகளான பசால்ட்டு, கேப்ரோ போன்ற அடர்ந்த கரிய கற்கள் சிறந்தவை. கருங்கல் பரவலாகக் கிடைத்தாலும் அதில் குவார்ட்சு மணிகள் உண்டு. 573 பாகையில் குவார்ட்சின் படிக அமைப்பு மாறிப் பருமன் கூடுவதால் கல் விரிசல் விடும். மணற்கல் உதிர்ந்துவிடும். சுண்ணாம்புக்கல் நெடுநேரம் தீயில் காய்ந்தால் அதன் மேற்பரப்பு சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதன் மீது தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

நீரில் கிடந்த கல்லை எடுத்து உடனே நெருப்பில் இடக்கூடாது. கல்லின் நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழியில்லாவிட்டால் கல் வெடித்துச் சிதறும். ஆதலால் நீர்மட்டத்துக்கு மேலே நெடுநாள் காய்ந்து கிடந்த கற்களை எடுத்து, முதலில் சிறு தீயில் மெதுவாகச் சூடாக்குவர். அந்த நேரத்தில் அருகில் நிற்பது நல்லதன்று. பானை வாங்குகையில் தட்டிப் பார்ப்பது போல, இரு கற்களை மோதிப் பார்ப்பதும் வழக்கம். கணீரென ஒலித்தால் கல் முழுமையானது. ஒலி மந்தமாக இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

அமைக்கும் முறை

உருசிய நடைப்பயணிகள் ஆற்றோரச் சரளைத் தரையைத் தேர்ந்து, நடுவில் விறகு இடுவதற்கு இடம் விட்டுக் கற்களை அடுப்புப் போல அடுக்குவர். காற்றுப் புகும்படி கற்களிடையே இடைவெளி வேண்டும். பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை தீ தொடர்ந்து எரிக்கப்படும். இதற்குப் பெருமளவு விறகு தேவை. புதியவர்கள் பெரும்பாலும் போதிய விறகு சேர்க்காமலேயே தொடங்கிவிட்டுக் கற்கள் பாதி காய்ந்த நிலையில் ஏமாறுவர்.

கற்கள் காய்ந்ததும் எரியும் கட்டைகள், தணல், சாம்பல் அனைத்தும் மண்வெட்டியால் அகற்றப்படுகின்றன. அவசரத்தில் ஒரு பிடி தணலையும் விட்டுவைக்கக்கூடாது. கற்குவியலில் முதலில் சிறிது நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் சாம்பலும் புகையும் போகும்வரை காத்திருந்து, அதன் பின்னரே முன்கூட்டியே கட்டிவைத்த கழிச்சட்டகத்தைத் தூக்கி அதன் மேல் வைத்துத் தாளால் மூடுவர். தாளின் அடிவிளிம்பில் கற்களை வைத்து அழுத்திவிடலாம். பாலித்தீன் சுமார் 110 பாகையில் உருகத் தொடங்குமாதலால் கற்குவியலுக்கும் தாளுக்கும் இடையே அரை மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். கூரை உயரமாக இருந்தால் வெப்பம் தலைக்கு மேல் தேங்கி வீணாகும். அமர்ந்தவர் தலைக்குச் சற்று மேல் இருந்தால் போதும். தரையில் ஊசியிலை மரக் கிளைகளைப் பரப்புவர்.

உள்ளே பர்ச் மர இலைக்கொத்தால் உடலை மெல்ல அடித்துக்கொள்வது இரு நாடுகளிலும் உண்டு. இக்கொத்து மேற்குப் பின்லாந்தில் விஃதா, கிழக்கில் வஸ்தா, உருசியாவில் வேனிக் எனப்படுகிறது. ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் வெளியே வந்து ஆற்றில் நனைந்து, இளைப்பாறி, மீண்டும் நுழைவர்.

ஆபத்துகள்

உள்ளே விடப்பட்ட தணல் புகையின்றிக் கனன்று கார்பன் மோனாக்சைடு வளிமத்தை வெளியிடும். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் குருதியின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். மிகை வெப்பத்தின் அறிகுறிகளும் இவையே என்பதால், நஞ்சேறியவர் தமக்குச் சூடு தாளவில்லை என்றே எண்ணிக்கொள்வார். எது காரணமாயினும் உடனே வெளியேறுவதே செய்யத்தக்கது. புகைபோக்கியுடன் கூடிய மடிப்பு அடுப்பைக் கூடாரத்தினுள் வைப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

மற்றொன்று வெப்பத்தாக்கு. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாது; உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியின்றிப் போகிறது. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா அருகே கட்டணம் செலுத்தி வந்த 50க்கும் மேற்பட்டோர் தற்காலிக வியர்வைக் குடில் ஒன்றில் அமர்த்தப்பட்டனர். அவர்களில் மூவர் இறந்தனர். அதை நடத்தியவர் 2011இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 2010 ஆகத்தில் பின்லாந்தின் ஐனோலா நகரில் நடந்த உலகச் சவுனாப் போட்டியின் இறுதிச் சுற்றில் 110 பாகை வெப்பத்தில் அமர்ந்திருந்த போட்டியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின் போட்டி நிறுத்தப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளிலும் வெளியேறக் கதவு இருந்தது. தாங்கிக்கொள்வதே பெருமை என்ற எண்ணம்தான் இருந்தவர்களைத் தடுத்தது எனலாம்.

ஆகவே கூடாரத்தின் வாயிலை முடிச்சிட்டுக் கட்டாமல் தொங்கவிடுவதும், ஒருவரை வெளியே காவலாக நிறுத்துவதும் வழக்கம். மது அருந்தியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் நுழையாதிருப்பது நன்று. குளிர்ந்த ஆற்றில் திடீரெனக் குதிப்பதும் இதயத்துக்குச் சுமையே.

பின்லாந்தில் எவரும் பிறர் நிலத்தில் சில நாள் முகாமிடலாம் என்ற உரிமை இருப்பினும் அது நெருப்பு மூட்டும் உரிமையை உள்ளடக்காது. அதற்கு நில உரிமையாளரின் இசைவு வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாட்களில் இசைவு இருந்தாலும் மூட்டக்கூடாது. குளித்து முடித்த பின்னும் கற்குவியலின் உட்பகுதி பல மணி நேரம் சூடாக இருக்கும் என்பதால், புறப்படுமுன் அதைக் கலைத்து நீர் ஊற்றுவர்.