கெடாத கனியும் குன்றாத சுவையும்

தக்காளி பழுக்குங்கால் அதனுள் எதிலீன் என்னும் வாயு பெருகுகின்றது. அதன் ஏவலால் நிறம் சிவக்கின்றது, மணம் பிறக்கின்றது, கலச்சுவர்கள் தளர்ந்து சதை மென்மையடைகின்றது. சுவையைத் தரும் இம்மாற்றமே அழுகலுக்கும் வழிதிறக்கின்றது. ஆகவே, கனியை நெடுநாள் காக்க விழைவோர், அதன்பொருட்டுச் சுவையில் எவ்வளவை இழக்கலாம் என்னும் வினாவுக்கு விடை கூறியேயாதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு உழவர் தம் வழியிலே விடை கண்டனர். இத்தாலியில், வெசூவியஸ் எரிமலைச் சாரலில், 'பியென்னோலோ' என்னும் தடித்த தோலுடைய சிறு தக்காளி விளைகின்றது. கோடையிலே கொத்தோடு கொய்து, நூலிற் கோத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுவர். மறு இளவேனில் வரை அது சமையலுக்கு உதவும். ஸ்பெயினுக்குரிய மயோர்க்காத் தீவின் 'ரமல்யெட்' தக்காளியும் இவ்வாறே பல மாதம் தொங்கும். அதனைப் பாண்துண்டிலே தேய்த்து, ஒலிவ் எண்ணெய் வார்த்து உண்பர். இவற்றை வளர்த்துக் காத்தவரே உண்டவருமாவர்.

நெடுந்தூர வணிகத்திலோ வளர்ப்பவர் வேறு, சுமப்பவர் வேறு, உண்பவர் வேறு. 1968இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 'ரின்' என்னும் விகாரத்தை விவரித்தனர். தாய், தந்தை இருவழியும் அதனைப் பெற்ற செடியின் கனி, எதிலீன் ஊட்டினும் செம்மையுறாது. ஒருவழி மாத்திரம் பெற்ற கலப்பினக் கனியோ மெல்லச் சிவந்து பலநாள் கெடாதிருக்கும். வணிகருக்கு அது பெரும்பேறாயிற்று. ஆயின், பழுத்தலைத் தாழ்த்தியபோது மணமும் குன்றிற்று. 1994இல், சதையை மென்மையாக்கும் நொதியமொன்றை அடக்கி ஆக்கப்பெற்ற 'பிளேவர் சேவர்' என்னும் தக்காளி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளிலே மறைந்தது.

வீட்டுத் தோட்டத்திலும் தெரிவு செய்தல் கூடும். ஒரு கனி நெடுநாள் நின்றமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆதலின், ஒவ்வொரு செடியிலிருந்தும் பல கனிகளைக் காயமின்றிப் பறித்து, நாட்குறித்து, ஒன்றோடொன்று படாமற் பரப்பி நோக்கல் வேண்டும். கனிகள் பெரும்பாலும் கெடாது நின்ற செடியையே தெரிதல் வேண்டும். அக்கனிகளை வெட்டிச் சுவைத்து, சுவையும் உளதெனக் கண்ட பின்னரே வித்தெடுத்தல் தகும். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுறுவது. ஆதலால், சில தலைமுறை இவ்வாறு தெரிந்துவரின் அக்குணம் நிலைபெறும்.

தெரிவோர் கேட்கும் குணத்தையே செடி வழிவழி தரும். அவர் கேளாது விட்டதைக் காத்துவைக்கும் கடமை அதற்கில்லை.