எதையும் தாங்கும் உயிர் எதுவும் இல்லை

உறையவைத்தாலும் சாகாது, விண்வெளியில் விட்டாலும் பிழைக்கும் என்று நீர்க்கரடியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தச் சாகசங்கள் பெரும்பாலும் உடல் வற்றிச் சுருண்டு, உயிரியக்கத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்ட நிலையில் நடப்பவை. டென்மார்க் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நடமாட்டத்தில் இருந்த ஓரின நீர்க்கரடிகளில் பாதி சுமார் 37 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இறந்துபோயின. அது நம் உடற்சூடு.

கொடுஞ்சூழலில் வாழும் உயிர்கள் அனைத்திலும் இந்தக் கணக்கு உண்டு. அண்டார்க்டிக் கடலில் சுழியத்துக்குக் கீழான குளிரிலும் சில மீன்களின் இரத்தம் உறைவதில்லை. உறைதடுப்புப் புரதம் காக்கிறது. அவற்றில் சில, நீர் 6 டிகிரியை எட்டினாலே இறந்துவிடும். அட்லாண்டிக் கடலடியில் கண்டெடுத்த பைரோலோபஸ் ஃபியூமாரி என்ற நுண்ணுயிர் 113 டிகிரி வரை வளரும். 90-க்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். இவை கடினமான உயிர்கள் அல்ல. கடினமான ஒரே இடத்துக்குப் பழகிப்போன உயிர்கள். அந்த இடம் மாறினால் போக்கிடம் இல்லை.

இதைத் தெளிவாகக் காட்டுவது செதில்கால் நத்தை. மொரிஷியஸுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் சுமார் 2,400 மீட்டர் ஆழத்திலுள்ள கைரேய் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பாறைப் புகைபோக்கிகளிலிருந்து 300 டிகிரிக்கும் மேலான கரும்புகை நீர் பீறிடும். அதை ஒட்டி, சூடு தணிந்த நீரோட்டத்தில் நத்தைகள் மொய்த்துக் கிடக்கும். அவை இரைதேடி அலைவதில்லை. உணவுக்குழாய்ச் சுரப்பியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றுநீரின் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெற்று உணவு தயாரிக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் கொண்டுசேர்க்கவே நத்தையின் இதயம் உடல் பருமனில் சுமார் 4 சதவீதம் இருக்கிறது.

அதன் ஓட்டிலும் காலை மூடிய நூற்றுக்கணக்கான செதில்களிலும் இரும்பு சல்பைடு படிந்திருக்கிறது. இப்படிக் கவசம் பூண்ட வேறு விலங்கு இன்றுவரை தெரியவில்லை. நத்தை வெளியேற்றும் கந்தகம் செதில்களுக்குள் வந்து, ஊற்றுநீரின் இரும்போடு சேர்ந்து இந்தக் கவசமாகிறது. சாலிடேர் என்ற இன்னோர் ஊற்றில் நீரில் இரும்பு குறைவு. அங்கே அதே இன நத்தைக்கு இரும்புக் கவசம் இல்லை, செதில்கள் வெளிறியிருக்கின்றன. கவசத்தில் பாதி ஊற்றுநீர் கொடுத்தது.

2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த நத்தையை அழியும் நிலையிலுள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்க அபாயத்தைக் காரணமாகக் காட்டிப் பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் இதுவே. அப்போது அறியப்பட்ட இருப்பிடங்கள் மூன்று. அவற்றில் இரண்டு, சீனாவும் ஜெர்மனியும் கனிம ஆய்வுக்கு உரிமம் பெற்ற பரப்புக்குள் இருந்தன.

காரணம் எளிது. ஊற்றுநீர் குளிரும்போது படியும் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளிதான் சுரங்கக்காரர்கள் தேடுவது. 2017-இல் ஜப்பான் ஒக்கினாவா அருகே 1,600 மீட்டர் ஆழத்திலிருந்து இத்தகைய தாதுவை மேலே ஏற்றிச் சோதித்துவிட்டது. ஜமைக்காவில் இயங்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியாவும் 2016-இல் 15 ஆண்டு ஆய்வு ஒப்பந்தம் செய்தது. பரப்பு இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டர். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கிக் கலம் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகிறது.

அணைந்துபோன ஊற்றுகளை மட்டும் தோண்டினால் போதாதா என்று கேட்கலாம். தோண்டும்போது கிளம்பும் வண்டல் எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை. நீரோட்டம் அதைப் பக்கத்து ஊற்றுக்கும் கொண்டுபோகும். எரிமலை அழித்த ஊற்றிலேயே உயிர்கள் மீண்டனவே என்பது அடுத்த வாதம். கிழக்குப் பசிபிக்கில் 1991 வெடிப்புக்குப் பின் சில ஆண்டுகளில் மீண்டது உண்மை. அங்கே கடல்தரை வேகமாக விரிகிறது, ஊற்றுகள் நெருக்கமாக உள்ளன, அக்கம்பக்கத்திலிருந்து குஞ்சுகள் வந்து சேர்கின்றன. இந்தியப் பெருங்கடலிலோ, தென்மேற்கு இந்தியக் கடல்முகடு விரிவது ஆண்டுக்கு சுமார் 14 மில்லிமீட்டர்தான். ஊற்றுகள் குறைவு, தூரம் அதிகம். பசிபிக் கணக்கை இங்கே போட முடியாது.

கடற்படுகை ஆணையம் இதுவரை கொடுத்தவை ஆய்வு உரிமங்களே. வணிகச் சுரங்கத்துக்கான விதிகள் பேச்சுவார்த்தையில் இழுபட்டு வந்திருக்கின்றன. இயங்கும் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றிய பரப்பையும் சுரங்கத்துக்கு மூட வேண்டும். எந்த ஊற்றில் என்ன வாழ்கிறது என்ற கணக்கெடுப்பு எந்திரம் இறங்கும்முன் வெளிவர வேண்டும். தன் ஒப்பந்தப் பரப்பில் இயங்கும் ஊற்றுகளைத் தொடமாட்டோம் என்று இந்தியா அறிவிக்க, ஆணையத்தின் விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.