விருந்தாளி வரைந்த சுவர்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் தில்லிவாழ் தமிழராகிய நாம் குதுப்மினார், செங்கோட்டை, பிர்லா மந்திர் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி ரயில் ஏற்றிவிடுகிறோம். புராணா கிலா அருகே பைரோன் மார்க்கில் உள்ள கிராஃப்ட்ஸ் மியூசியம் அந்தப் பட்டியலில் சேர்வதே இல்லை. எனக்கு இது நெடுநாளைய குறை.

1956இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. கிராமத்துத் தெருவில் நடப்பது போல முற்றம் முற்றமாகக் கடந்து போகலாம். பக்கத்திலேயே, 1972இல் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கிராமக் குடில்கள் உள்ளன.

ஆனால் இவ்விடத்துக்குப் பெருமை சேர்த்தது வேறொன்று. பல மாநிலங்களின் குயவர், நெசவாளர், ஓவியர்களை வரவழைத்து, ஒரு மாத காலம் அங்கேயே தங்கவைத்து, நம் கண்ணெதிரே வேலை செய்யவைத்தார்கள். செய்த பொருளை இடைத்தரகர் இல்லாமல் அவர்களே விற்கவும் வழி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை மட்டும்தான் வைக்க முடியும். அதைச் செய்யும் கையை வைக்க முடியாது அல்லவா?

நம் அய்யனார் கோயில் மண்குதிரைகளும் அங்கே நிற்கின்றன. தலைநகரின் புழுதியில் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஊர் நினைவு வந்துவிடும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தாருக்குப் புரவி எடுப்பு தெரியும். ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் புதுக்குதிரை செய்வார். பழைய குதிரைகள் மழையிலும் வெயிலிலும் கரைந்து போகும். அதற்காக யாரும் அழுவதில்லை. அடுத்த எடுப்புக்குச் செய்துதர வேளார் இருக்கிறார்.

இந்த எண்ணத்தோடுதான் கங்கா தேவியின் கதையைச் சொல்ல வேண்டும். பீகாரின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் அவர். 1984இல் பத்மஸ்ரீ பெற்றவர். அப்போது இயக்குநராக இருந்த ஜ்யோதீந்திர ஜெயின் அழைப்பின்பேரில் இந்த அருங்காட்சியகத்தில் ஒரு ‘கோபர் கர்’ வரைந்தார். மணமக்களின் அறைச் சுவரில் பெண்கள் வரையும் மங்கல ஓவியம் அது: தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே, வலியோடு வலியாக வரைந்து முடித்தார். 1991இல் காலமானார்.

அந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். மயிரிழை போன்ற கோடுகள். நோயாளியின் கை என்று சொன்னால் நம்ப முடியாது.

இன்று அந்தச் சுவர் இல்லை. புதுப்பிப்பு வேலையில் அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2015இல் வெளிவந்தபோது கலையுலகமே கொதித்தது.

“மிதிலையில் சுவரோவியம் அழிவது வழக்கம்தானே? வெள்ளையடித்து மறுபடி வரைவார்களே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். ஆனால் அங்கே அழிப்பதும் வரைவதும் அந்த வீட்டார். இங்கே அழிந்தது, நாடு அழைத்ததற்காக ஒரு விருந்தாளி தம் கடைசிக் காலத்தில் கொடுத்துவிட்டுப் போன சீதனம். அதை மறுபடி வரைய அந்தக் கை இல்லை. விருந்துக்கு அழைப்பவனுக்கு, விருந்தாளி போன பின்னும் கடமை உண்டு.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து இன்னொரு ஊரின் சுவர்களுக்குள் வாழும் நமக்கு இது புரியாததல்ல. ஆகவே அடுத்த முறை எந்த அருங்காட்சியகத்திலோ, கைவினைச் சந்தையிலோ ஒரு கலைஞர் அமர்ந்து வேலை செய்வதைக் கண்டால், பேரத்தைச் சற்று ஒத்திவையுங்கள். குழந்தைகளை அருகில் உட்காரவைத்து, அவர் பெயரையும் ஊரையும் கேட்கச் சொல்லுங்கள். சுவரை இடித்தாலும், பார்த்த குழந்தையின் மனத்திலிருந்து அதை யாரும் அழிக்க முடியாது.